சக்தி: ஓர் இசைத்தட்டும் ஓர் இசைக்குழுவின் வாழ்வும்

இசைத்தட்டின் வரலாறு ஒரு வகையில் காலக்கட்டுப்பாட்டின் வரலாறாகும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) குரல் எஞ்சியிருப்பது அந்தச் சிறு சிமிழ்களில்தான். மேடையில் விரிந்த ராகம் தட்டில் குறுகிற்று. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் வினைல் தட்டை அறிமுகப்படுத்திய பின்னரே, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் இசையைப் பதிய வழி பிறந்தது.

இந்த நீள் இடத்தை ராக் இசைஞர் 1960களின் இறுதியில் கைக்கொண்டனர். மூன்று நிமிடப் பாட்டை விடுத்துப் பல பகுதிகள் கொண்ட நெடும்படைப்புகளை ஆக்கினர். ‘யெஸ்’ என்னும் ஆங்கிலக் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. இவ்வகைக்கு ‘முற்போக்கு ராக்’ என்று பெயர். இலக்கியத்தில் அச்சொல் குறிக்கும் கொள்கை வேறு. இங்கு அது வடிவத்தின் வளர்ச்சியையே சுட்டும். இதனோடு நெருங்கிய உறவுடைய ஜாஸ்–ராக் நெறியில் புகழின் உச்சியைத் தொட்டது, 1971இல் தோன்றிய ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’. அதன் தலைவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் 1942இல் பிறந்த கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின்.

செவியைப் பிளக்கும் மின்கிடாரால் பெயர் பெற்ற அவர், அப்புகழின் நடுவிலேயே மாணவராக அமர்ந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வீணை கற்பித்தவர் டாக்டர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்தின் இசை நுட்பங்களை ஆராய்ந்து துலக்கிய அதே பேரறிஞர்தாம் அவர். மெக்லாஃப்லினின் புதிய கிடாரிலும் வீணையின் செல்வாக்கைக் காணலாம். மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குடையப்பட்டது. தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் எழுப்ப அது வகை செய்தது. முதன்மைத் தந்திகளுக்குக் கீழே குறுக்காக ஏழு துணைத் தந்திகள் சுருதிக்கு அதிர்ந்தன. மின்சாரம் விலக்கப்பட்டது.

இவ்வாறு உருவான குழுவே ‘சக்தி’. வயலின் வாசித்த எல். சங்கர் சென்னையில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மைந்தர். தபலாவுக்கு, அல்லா ரக்காவின் மகனான ஜாகிர் உசேன், கடத்துக்கு டி. எச். ‘விக்கு’ விநாயகராம், முதல் தட்டில் மிருதங்கத்துக்கு இராமநாதபுரம் இராகவன். கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, ஜாஸ் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் கூடின.

அவர்களது முதல் இசைத்தட்டு அரங்கில் கேட்போர் முன்னிலையிலேயே பதிவானது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரி, 1976இல் தட்டாக வந்தது. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதற்பக்கத்தில் பதினெட்டு நிமிடம் நீளும் ‘ஜாய்’. அடுத்துத் ‘தாமரைத் திருவடி’ எனப் பொருள்படும் ‘லோட்டஸ் ஃபீட்’. மறுபக்கம் முழுதும், ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிடம், ஒரே உருப்படி. இறைவன் திருவடியில் ஆடுதலையும் அதன் பேரின்பத்தையும் சொல்லும் மிக நீண்ட பெயர் அதற்கு. சொல் ஏதும் பாடப்படாத இசைக்குத் திருவடியைத் தலைப்பாக்கியமை, பக்தி இலக்கியம் பயின்றோர் நோக்கத்தக்கது.

கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர்மீது பாடப்பட்ட திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியில் ஊறியவர்க்கு இவ்விசையின் நடை எளிதில் விளங்கும். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாதல் அந்தாதி. சக்தியில் கிடார் விட்ட இடத்தை வயலின் தொடக்கமாகக் கொள்கிறது. தபலா முடித்த சொற்கட்டைக் கடம் எடுத்து வளர்க்கிறது. மாறி மாறி வாசிக்கும் அளவு படிப்படியாகக் குறைந்து, இறுதியில் அனைவரும் ஒன்றாகிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் ‘குறைப்பு’ என்று வழங்குவது இம்முறையே. முன்னவர் சொன்னதைக் கூர்ந்து கேளாதவர் இங்கே வாய் திறக்க இயலாது.

இவ்வமைப்பால் மிகுதியும் உயர்ந்தது கடம். கர்நாடகக் கச்சேரியில் அது உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னரே அதற்கு முறை வரும். சக்தியிலோ மண்பானை, கிடாருக்கு நேர் நின்று மறுமொழி கூறியது. இராகவன் விலகிய பின்னர் அதன் பொறுப்பு இன்னும் பெருகிற்று. ஆயினும் தட்டின் முகப்பில் ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’ என்றே பொறிக்கப்பட்டது. உள்ளே நிலவிய சமத்துவத்தை விற்பனைக்குரிய முகப்பு முழுதும் ஏற்கவில்லை.

அடுத்து ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ 1976இல் லண்டனிலும், ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ 1977இல் ஜெனீவாவிலும் பதிவாயின. முதல் தட்டில் மூன்று உருப்படிகள், இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் எட்டு. நெடும்பா தனிப்பாட்டாகச் சுருங்கிய கதை இவ்வெண்களிலேயே உள்ளது. மின்கிடாரை எதிர்பார்த்த சந்தையில் இத்தட்டுகள் பெருவிற்பனை காணவில்லை. குழு கலைந்தது. 1978இல் மெக்லாஃப்லின் வெளியிட்ட தட்டின் பெயரே ‘எலக்ட்ரிக் கிடாரிஸ்ட்’.

கலைந்த குழு மறையவில்லை. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்னும் பெயரில் மீண்டும் கூடிற்று. விநாயகராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவுடன் வந்தார். பாடகர் சங்கர் மகாதேவன் இணைந்தார். ஐரோப்பிய மாண்டலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கிய யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்ததில் ஓர் அழகிய எதிர்நிலை உண்டு: ஒருவர் மேலைக் கருவியோடு தெற்கு நோக்கி வந்தார்; மற்றவர் மேலைக் கருவியில் தெற்கையே பேசினார். ஸ்ரீநிவாஸ் 2014இல் தம் 45ஆம் அகவையில் மறைந்தார். பின்னர் வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனும் இணைய, 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமெண்ட்’ 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் காலமானார்.

முதல் மூன்று தட்டுகளும் மூன்றாண்டுக்குள் பதிவானவை. அவை விதைத்தது பலித்து விருதாக அரை நூற்றாண்டு ஆயிற்று. விற்பனைக் கணக்கில் தோல்வியெனப்பட்ட முயற்சியை மகன் தந்தையிடமிருந்து ஏற்று நடத்தினார். கூடிக் கலை செய்வோர்க்குச் சக்தியின் வாழ்வு உணர்த்துவது இதுவே: குழுவின் ஆயுள் அது கூடியிருந்த ஆண்டுகளின் தொகை அன்று, ஒருவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க இன்னொருவர் செவிகொடுத்துக் காத்திருக்கும் வரை அது நீளும்.