ஏரியைக் காத்தது நல்ல மனசா, நல்ல ஏற்பாடா?

வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. நம் முன்னோர் இயற்கையைத் தெய்வமாக வணங்கினார்கள், ஏரி குளங்களைக் கண்ணைப் போலக் காத்தார்கள், நாம்தான் பேராசை பிடித்து எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டோம் என்று அது சொல்லும். கீழே இருபது பேர் கைகூப்பும் படம் போட்டிருப்பார்கள். இந்தச் செய்தியின் பின்பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. முன்பாதியில்தான் சந்தேகம். அவர்கள் ஏரிகளைக் காத்தது உண்மை. ஆனால் நம்மைவிட நல்லவர்களாக இருந்ததால்தான் காத்தார்கள் என்பதற்கு, அவர்களே வெட்டி வைத்துவிட்டுப் போன கல்வெட்டுகளில் சாட்சி கிடைப்பதில்லை. கிடைப்பது வேறு ஒன்று.

எங்கள் வடமாவட்டங்களில் ஏரி என்பது அழகுக்கு வெட்டியதல்ல. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். கொட்டுகிற நேரத்தில் பிடித்து வைக்காவிட்டால் தை மாதத்துப் பயிருக்குத் தண்ணீர் இல்லை. எனவே நிலம் சரிகிற பக்கமாகப் பார்த்துப் பிறை போல ஒரு கரையைப் போட்டார்கள். ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். தமிழ்நாட்டில் இப்படி 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் கணக்கில் இருக்கின்றன.

ஏரி கட்டச் சொல்லி அரசனிடம் கேட்டவர்களும் ஆளின் சுபாவம் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். மறுமையில் நல்ல உலகம் வேண்டுமா, மற்ற அரசர்களை அடக்கி நீ ஒருவனே ஆள வேண்டுமா, அழியாத பெயர் வேண்டுமா, எதுவானாலும் தாழ்ந்த நிலத்தில் நீரைத் தேக்கு என்பது அதன் சாரம். மக்கள் பாவம், மனமிரங்கு என்று அவர் தொடங்கவில்லை. அரசனுக்கு இருக்கக்கூடிய மூன்று ஆசைகளைச் சொல்லி, மூன்றுக்கும் ஒரே மருந்தாக ஏரியைக் காட்டினார். கெட்டிக்கார மனிதர்.

கட்டுவது ஒரு பங்கு. அதைப் பராமரிப்பது மூன்று பங்கு. வண்டல் சேரும், கரையில் எலி வளை போடும், மடைக்கல் நகரும். இது ஒரு நாள் வேலையல்ல, ஆண்டுதோறும் செய்ய வேண்டியது. அதைச் செய்ய வைப்பதற்கு என்ன பாடுபட்டார்கள் என்று பார்க்க உத்திரமேரூருக்குப் போக வேண்டும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், அந்த ஊர்ச் சபையார் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்து வாரியங்களை அமைத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள். பள்ளிப் பாடத்தில் இதைச் சனநாயகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது ஓரளவுக்குத்தான் சரி. அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டும் அதில் இடம். வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தேகப் புத்தி. யாரெல்லாம் வரக்கூடாது என்ற பட்டியல் நீளமானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக்கூடாது. அதோடு விடவில்லை. அவனுடைய பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், சகலை, அக்காள் தங்கை புருஷன், மருமகன், அப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, ஒருவரும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவன் அடுத்த முறை யாரை நிறுத்துவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவனுக்கும் இடமில்லை. ஓலை எடுக்க ஒன்றும் அறியாத சிறுவனைக் கூப்பிட்டார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதல்லவா! அதை ஒருவர் படித்தால் போதாது, அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 919இல் போட்ட விதியை இரண்டே ஆண்டில் திருத்த வேண்டி வந்திருக்கிறது. முதலில் வயது வரம்பு 30 முதல் 60. திருத்தத்தில் 35 முதல் 70. இரண்டு முறையும் அரசனின் அதிகாரி உடனிருந்தார். ஏற்பாடு சரியாக நடந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் மறுபடி ஏன் கூடினார்கள்? ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (70 என்ற உச்ச வரம்பைப் பார்த்து நம்மில் சிலர் வருத்தப்படலாம். எனக்கும் அந்த வாரியத்தில் இப்போது இடம் கிடைக்காது.)

பணத்துக்கும் வழி செய்திருந்தார்கள். ஏரிப் பராமரிப்புக்கென்று விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஓடம் வைத்து, அதில் மண்ணை வாரிக் கொண்டுவந்து கரையில் கொட்டுவதற்கு நிவந்தம் எழுதி வைத்த கல்வெட்டுகளும் உண்டு. எழுதி முடித்ததும், இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று கும்பிடுவார்கள். கெடுப்பவனுக்கு, கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்த பாவமெல்லாம் சேரும் என்று சாபமும் போடுவார்கள். நிலம், கணக்கு, புகழ்ச்சி, சாபம் என்று நாலு பக்கமும் கட்டியாகிவிட்டது. அதற்கு மேல் கரையில் ஐயனாரைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கும்பினியார் காலத்தில், 1790களில், லயோனல் பிளேஸ் துரை செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர். ஏரிக் கரை அடிக்கடி உடைந்தது. ஒரு பெருமழை இரவில் கரை என்னவாகுமோ என்று பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. வேண்டிக்கொண்டபடி தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார். அவர் பெயர் இன்றும் கோயிலில் வெட்டியிருக்கிறது. நம்பிக்கையைப் பற்றி நான் வாதம் செய்யப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ராமரே காவல் நிற்கிற கரையில் இரவில் கடப்பாரையோடு ஏற எவனுக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

இவ்வளவையும் தாங்கிய ஒருவரைப் பற்றிக் கல்வெட்டுகள் அதிகம் பேசுவதில்லை. அவர்தான் நீர்க்கட்டி. மடையைத் திறப்பது, மூடுவது, மழை இரவில் கரையில் நடந்து கசிவைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. பல ஊர்களில் தாழ்த்தப்பட்டவர்களே தலைமுறையாக இதைச் செய்தார்கள். அறுவடையில் களத்து நெல்லில் ஒரு பங்கு கூலி. ஊரே அவர் கையில் இருந்தது. ஊருக்குள் அவருக்கு வீடு இருக்கவில்லை. பழைய ஏற்பாட்டைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வரியை ரொக்கமாக, ஒவ்வொரு ரயத்திடமும் தனித்தனியாக வாங்கினார்கள். மானியங்கள் குறைந்தன. மராமத்துப் பொறுப்பு பொதுப்பணித் துறைக்குப் போனது. மழை வந்து கரை அரிக்கும்போதுதான் ஊர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று அதிகாரிகளுக்குக் கேள்வி வந்தது. 1858இல் கட்டாய வேலைச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். குடிமராமத்தைச் சட்டத்தால் வாங்கிவிடலாம் என்று நினைப்பு. ('மராமத்து' என்ற சொல்லே பாரசீகம் வழியாக நமக்கு வந்த அரபுச் சொல். குடிதான் தமிழ்.) காலம் காலமாகச் செய்துவந்ததைச் செய்யாமல் விட்டது அதே ஊர்களின் பேரப்பிள்ளைகள்தான். அவர்கள் குணம் கெட்டுப்போகவில்லை. ஏரியை விட்டால் தனக்கு நஷ்டம், பார்த்தால் தனக்கு லாபம் என்ற கட்டு அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மிச்சமிருந்ததைக் கிணறு அவிழ்த்தது. 1960களுக்குப் பிறகு மின்சார மோட்டார் வந்தது. பிறகு விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. ஊரில் வசதியான பத்துப் பேர் கிணறு தோண்டிக்கொண்டார்கள். ஏரிக் கூட்டத்தில் குரல் எடுபடுகிறவர்கள் அந்தப் பத்துப் பேர்தான். அவர்களுக்கு ஏரி நிரம்பினால் என்ன, நிரம்பாவிட்டால் என்ன? நீர்க்கட்டியின் நெல் நின்றது. அந்தக் கிணறுகளுக்கு ஊற்றே ஏரிதான் என்பது, ஏரி தூர்ந்து கிணறும் வற்றிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. 1960களில் மாநிலத்தில் சுமார் 9 லட்சம் ஹெக்டேர் ஏரிப் பாசனம் இருந்தது. பிறகு அது பாதியளவுக்குச் சுருங்கியது.

நான் வருவாய்த் துறையில் இருந்த காலத்தில், 1980களில் ஒரு கார்த்திகை மாதம், காலையில் ஓர் ஊருக்கு ஓட வேண்டியிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இரவில் ஏரிக் கரையை வெட்டிவிட்டார்கள். இயற்கைச் சேதம் என்று எழுதிவிடலாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். வெட்டின இடத்தில் மண்வெட்டித் தடம் அப்படியே இருந்தது. ஏரிக்குள்ளே நீர்ப்பிடிப்பில் பயிர் வைத்திருந்த சிலருக்கு, ஏரி முழுக் கொள்ளளவை எட்டினால் நெல் முங்கிவிடும். அதனால் வெட்டினார்கள். கீழே ஆயக்கட்டில் இருந்தவர்களுக்கு அந்த வருடம் ஒரு போகமும் இல்லை. விசாரித்தபோது வெட்டியவர்களில் மூத்தவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "எங்களுக்குக் கீழே ஒரு குழி நிலம் இருந்தா நாங்க ஏன் சார் வெட்டப்போறோம்?" என்று கேட்டார். அவர் குற்றம் செய்தவர்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த படிவங்களில் பதில் எழுத இடமில்லை. மீன் ஏலம் எடுத்தவருக்கு ஏரி வற்றினால் லாபம், செங்கல் சூளைக்காரருக்கும் அப்படியே. ஏரி நிரம்பினால் லாபம் என்றிருந்தவர்களின் எண்ணிக்கை அதற்குள் குறைந்துபோயிருந்தது.

பட்டணத்தில் ஏரியால் லாபம் உள்ளவர் ஒருவருமே இல்லை. மனை விற்றால்தான் லாபம். தியாகராய நகர் 1920களில் பழைய நெட்டேரியின் மேல் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரை வீடுகளில் முதல் மாடி வரை தண்ணீர். 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வெடித்துக் கிடந்தது, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். நான்கு வருட இடைவெளியில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

2017இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாசனச் சங்கங்கள் மூலம் வேலை, விவசாயிகள் பங்கு 10 சதவிகிதம். சில ஊர்களில் உண்மையாகவே நன்றாக நடந்தது, ஏரிகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். வேறொரு ஊரில் கரை மேல் புது மண் தெரிந்தது, உள்ளே சீமைக்கருவேலம் அப்படியே நின்றது. எவ்வளவு செலவாயிற்று என்று டீக்கடையில் இருந்தவர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சங்கத் தலைவரின் மைத்துனர் வீட்டில் இருக்கிறது என்றார்கள்.