அரக்குத் தட்டில் அடங்கிய குரல்



நான் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட வீரனின் பெயரையும் செயலையும் கல்லிலே பொறித்து வைத்தார்கள் நம் முன்னோர். அவற்றைப் படித்து வரலாறு எழுதிய அறிஞர் பலர். ஆனால் அந்த வீரன் எப்படிப் பேசினான், அவனை இழந்தவர்கள் எந்த இராகத்தில் ஒப்பாரி வைத்தார்கள் என்பதைக் கல் நமக்குச் சொல்வதில்லை. குரலைப் பொறித்து வைக்கும் கலை உலகுக்குக் கிட்டி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமே ஆகிறது. அப்படிப் பொறித்ததையும் நாம் கல்லைக் காத்த அளவுக்குக் காத்தோமா என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

இந்தியாவில் வணிக நோக்கோடு இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902ஆம் ஆண்டில். லண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். மூன்று நிமிடத்துக்குள் ஓர் இராகத்தைக் காட்டி முடிக்க வேண்டும். முடிந்ததும் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். அது தற்பெருமை அன்று. பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்துக்குக் கப்பலேறிச் சென்று அங்கே தட்டாக அச்சாயின. அங்குள்ள தொழிலாளிக்கு எது யார் பாட்டு என்று தெரியவேண்டுமே! 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரே இந்தப் பயணம் குறைந்தது. தட்டின் மூலப்பொருளோ நம்முடையது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கே அது. அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினால் தட்டு கிடைக்கும். கீழே விழுந்தால் ஓடு போல் உடைந்துவிடும்.

தென்னாட்டுக் குரல்களும் விரைவிலேயே தட்டில் ஏறின. கிருஷ்ணகிரி 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தச் சேலத்தின் கோதாவரி அம்மையார் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலேயே பாடிப் பதிவு செய்தவர். கோயம்புத்தூர் தாயி 1917இல் மறைந்தார். அவர் பாட்டில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், அதைத் தழுவிக் குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் உருப்படி அமைத்து ‘ராகமாலிகா’ என்றே பெயரிட்டார். வீணை தனம்மாள் 1932இல் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்தார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். நாடக மேடையில் அவர் பாடியபோது மக்கள் திரண்டு வந்தார்கள் என்று படிக்கிறோம். அவர் பேசும் படத்தில் நடிக்கவில்லை. நாடா ஒலிப்பதிவு நம் நாட்டுக்கு வரும் முன்பே கண் மூடினார். ஆகவே கிட்டப்பாவின் குரல் என்று இவ்வுலகில் எஞ்சியிருப்பது அரக்குத் தட்டுக்கள் மட்டுமே. ஒரு பாட்டின் கடைசித் தட்டு உடைந்தால் அந்தப் பாட்டு உலகை விட்டே போய்விடும்.

எங்கள் பகுதியில் இத்தட்டுக்களைப் பேணியவர்கள் செல்வந்தர் மட்டுமல்லர். நான் சிறுவனாக இருந்தபோது ஊருக்கு ஊர் ‘மைக் செட்’காரர் ஒருவர் இருப்பார். திருமண வீட்டு வாசலில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறப்பார். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும். பெண் வீட்டார் கண்டசாலாவைக் கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் கன்னடப் பாட்டு வேண்டும் என்பார்கள். பந்தற்காரர் சௌந்தரராஜனைக் கேட்பார். மூன்று மொழியிலும் பாடியதால் பி. பி. ஸ்ரீநிவாஸ் எல்லோருக்கும் பொதுவானவர். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அந்த மனிதர் லேபிலின் நிறத்தைக் கொண்டே தட்டை எடுத்துவிடுவார். எல்லைப்புறத்தின் முதல் இசை நூலகர் அவரே என்பது என் எண்ணம்.

மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன்களே இருந்தமையால், பிற நாடுகள் கைவிட்ட 78 சுற்றுத் தட்டுக்களை இந்தியத் தொழிற்சாலை 1960களிலும் அச்சிட்டது. இங்கிலாந்தின் ‘பீட்டில்ஸ்’ குழுவினரின் பாட்டுக்களும் இங்கே அவ்வாறு வெளிவந்தன. இன்று அவற்றை உலகெங்கும் தேடுகிறார்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடல் ஒன்றும் இசை வரலாற்றில் இடம் பெற்றது. சென்னை வானொலியோடு தொடர்புடைய ஹேண்டல் மானுவேல் இசையமைத்த அப்பாடலை, 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார்.

பின்பு கேசட்டு வந்தது. 1980களில் மைக் செட்டுக்காரர்கள் தட்டுக்களைக் கழித்துவிட்டார்கள். பழைய நூல்களுக்கும் தட்டுக்களுக்கும் புகலிடமாயிருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. ஆனால் தீ செய்ததைவிட நம் கைகள் செய்ததே அதிகம். என் கையும் அதில் ஒன்று. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளி ஒன்றில் பயனற்ற பொருள்களைக் கழிக்கப் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘உடைந்த மேசை இரண்டு, கிராமபோன் தட்டு ஒரு பெட்டி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காயலான் கடைக்காரர் தட்டுக்களுக்கு எடை போடவும் மறுத்துப் பெட்டிக்காக மட்டும் காசு கொடுத்தார். வரலாறு கற்பித்தவன் செய்த வேலை இது.

இனி, எங்கள் ஊரைப் போன்ற இரு தொழில் நகரங்களைப் பற்றிச் சிறிது கேளுங்கள். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற நகரம் டெட்ராய்ட். அங்கே போர்டு கம்பெனியின் வண்டிக்கோப்பு வரிசையில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் பெர்ரி கோர்டி, 1959இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் கண்டார். மோட்டார் நகரம் என்னும் பொருள்பட அது ‘மோடவுன்’ எனப் பெயர் பெற்றது. தேவாலயப் பாட்டின் உருக்கமும் உழைப்பாளியின் துயரும் கலந்த அவ்விசைக்குச் ‘சோல்’ என்று பெயர். ஆன்மா என்பது அதன் பொருள். அங்கே விலைபோகாமல் மறைந்த தட்டுக்களை, கடல் கடந்து இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளிகள் தேடிப் பிடித்தார்கள். நிலக்கரிக்கும் நெசவாலைக்கும் பெயர் பெற்ற விகன் நகரில் 1973 முதல் 1981 வரை சனிக்கிழமை இரவெல்லாம் அத்தட்டுக்களை ஒலிக்கச் செய்து, விடியும்வரை ஆடினார்கள். மது விற்பதில்லை, வழுக்கி ஆடுவதற்காகத் தரையில் முகப்பவுடர் தூவுவார்களாம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அரிய தட்டை உடையவர் அதன் லேபிலின்மேல் தாளை ஒட்டிப் பெயரை மறைப்பார். அல்லது பொய்ப் பெயர் சொல்வார். போட்டியாளர் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே காரணம். 1965இல் அச்சாகி விற்பனைக்கு வராமலே பெரும்பாலும் அழிக்கப்பட்ட பிராங்க் வில்சன் தட்டு ஒன்று, 2020இல் ஒரு லட்சம் பவுனுக்குக் கைமாறியது. விலையைக் கேட்டு வியக்கிறோம். நான் வியப்பது வேறொன்றை. அந்த நடனக்கூடம் மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இருபது வயதினர் இன்று அவ்விசையை நாடி வருகிறார்கள். பிரிஸ்டல் போன்ற நகரங்களில் தாமே கழகம் அமைத்திருக்கிறார்கள். பெயரை மறைத்தவர்களால் இது நடந்திருக்க முடியாது. பெயரைச் சொல்லிக் கொடுத்த முதியவர்களாலேயே நடந்தது என்று கருதுகிறேன்.

நம் நாட்டிலும் அத்தகைய பெரியோர் உண்டு. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட 78 சுற்றுத் தட்டுக்களைச் சேர்த்ததோடு அவற்றைப் பற்றி இதழ்களில் ஓயாது எழுதினார். 1990இல் மும்பையில் சுரேஷ் சாந்த்வன்கரும் நண்பர்களும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கி, தட்டுக்களின் எண்களையும் விவரங்களையும் தம் இதழில் அச்சிட்டுப் பொதுவில் வைத்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த விக்ரம் சம்பத் 1980இல் பிறந்தவர், பொறியியல் பயின்றவர். மைசூர் மன்னர்களைப் பற்றி ஆராயும்போது, 1930இல் மைசூரில் மறைந்த கௌஹர் ஜானின் கடைசி நாட்களைப் பற்றிய ஆவணங்கள் அவர் கண்ணில் பட்டன. அவர் வரலாற்றை நூலாக எழுதினார். பழைய தட்டுக்களை எண்முறை ஒலியாக்கி யாவரும் கேட்குமாறு ஒரு காப்பகமும் நிறுவினார்.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. என் பழைய மாணாக்கர் ஒருவர் அத்தகைய ஆலை ஒன்றில் கருவி செய்யும் பிரிவில் பணிபுரிகிறார். விடுமுறை ஞாயிறுகளில் பெங்களூர் சிக்பேட்டைப் பக்கத்துச் சந்தைக்குப் போய்த் தட்டுத் தேடுவார். முதலில் இளையராஜாவின் 1980களின் பெரிய தட்டுக்களைத்தான் நாடினார். பின்பு அரக்குத் தட்டின்மேல் ஆசை திரும்பியது. லேபிலுக்கும் பள்ளத்துக்கும் இடையே கறுப்புப் பரப்பில் கீறியிருக்கும் சிறு எண்ணை உருப்பெருக்கியால் பார்த்து, அதே பாட்டின் எந்தப் பதிவு என்பதைச் சொல்கிறார். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளக்கும் கண்ணுக்கு அது எளிதாக இருக்கிறது போலும். பழைய எஃகு ஊசி பள்ளத்தைத் தின்றுவிடும் என்று, எடை குறைந்த முள் பொருத்திய மின்சாரக் கருவியிலேயே ஓட்டுகிறார். தட்டுக்களைப் படுக்க வைக்காமல் நூல்களைப் போல் நிறுத்தி வைக்கிறார்.

சென்ற மாதம் அவர் கிட்டப்பா தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். விளிம்பிலிருந்து நடுவரை ஒரு விரிசல். “ஐயா, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ‘டக்’கென்று கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்,” என்றார். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு ‘டக்’குகளுக்கு நடுவே அந்தக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பாட்டு முடிந்ததும் நான் அந்தக் கழிவுப் பட்டியலைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பெட்டியில் என்னென்ன இருந்தன என்று யாருக்காவது நினைவிருக்குமா, ஐயா?” என்று கேட்டுச் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்தார். அப்பள்ளியில் அக்காலத்தில் பணியாற்றிய ஊழியர் ஒருவர் இராயக்கோட்டையில் இருக்கிறார். வரும் ஞாயிறன்று அவரைக் காண நாங்கள் இருவரும் போகிறோம். தம்மோடு பயிற்சி பெறும் இரண்டு பையன்களையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.