ரெஸ்ட் டே: 1891லேர்ந்து ஒரு பழைய சண்டை

ஞாயித்துக்கிழமை காலைல புதுப்பட்டினம் பக்கம் டீ குடிக்க நிக்கிற சைக்கிள்காரங்க பலரும் சென்னையிலேர்ந்து ஈசிஆர்ல 70 கிலோமீட்டர் மிதிச்சு வந்தவங்க. திரும்பவும் மிதிக்கணும். திங்கக்கிழமை ஓய்வுன்னு சொன்னா, சோம்பேறித்தனம்னு சிரிப்பாங்க.

இந்த எண்ணம் ரொம்பப் பழசு. 1891ல பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயம், சுமார் 1,200 கிலோமீட்டர். முன்னாடி போன ஜியல் லவால் தூங்கினப்போ, சார்ல் தெர்ரோன் அவரைத் தாண்டிட்டார். 71 மணி 22 நிமிஷத்துல ஜெயிச்சார். நம்ம முயல் ஆமை கதையேதான்!

ஆனா அது ஒரே மூச்சுல முடியிற பந்தயம். மறுபடி மறுபடி ஓட்டணும்னா கணக்கே வேற. 1903ல முதல் டூர் டி பிரான்ஸ்: 2,428 கிலோமீட்டர், 19 நாள், ஆனா ஆறே கட்டம். முதல் கட்டம் மட்டுமே 467 கிலோமீட்டர். ஜெயிச்ச மொரிஸ் காரனுக்கே 17 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஜூலை 1ல கிளம்பினவங்களுக்கு அடுத்த கட்டம் ஜூலை 5லதான்.

காரணம் நம்ம உடம்புலயும் அதேதான். நீண்ட சவாரியில தசையில இருக்கிற கிளைகோஜன் தீர்ந்துடும். நல்லா சாப்பிட்டாலும் திரும்ப நிரம்ப ஒரு நாளாவது ஆகும். தசை பலப்படுறதும் மிதிக்கும்போது இல்ல, அதுக்கப்புறம் ஓய்வுல.

இப்போ டூர்ல 21 கட்டம், ஓய்வு பொதுவா 2 நாள். அன்னிக்கும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் லேசா மிதிப்பாங்க, கால் இறுகிடாம இருக்க.