ஜெர்மன் வகுப்பறையில் குவேனின் தொடர்முறை

பள்ளி மாணவர்க்கு ஜெர்மன் மொழியைக் கற்பிக்குங்கால் இலக்கணம் முதலா, பேச்சு முதலா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இலக்கணத்தைக் கைவிட்டாலன்றிப் பேச்சு வாராது என்போர்க்குப் பிரெஞ்சு ஆசிரியர் பிரான்சுவா குவேனின் தோல்வி ஏற்றதொரு சான்றாகத் தோன்றும். ஆயின், அத்தோல்விக்குப் பின் அவர் வகுத்த முறையை நோக்குமிடத்து அம்முடிபு பொருந்தாமை புலனாகும்.

இலத்தீன் ஆசிரியரான குவேன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மன் கற்கும் பொருட்டு ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். இலக்கண நூல் ஒன்றையும் 248 ஒழுங்கற்ற வினைகளையும் பத்தே நாள்களில் மனப்பாடம் செய்துகொண்டு விரிவுரை கேட்கச் சென்றார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பின்னர் 800 வேர்ச்சொற்களைக் கற்றார். முடிதிருத்தகத்தில் வருவோர் போவோரிடம் பேச முயன்று நகைப்புக்கு ஆளானார். இறுதியாக 30,000 சொற்கள் கொண்ட அகராதியையே மனனம் செய்தார். கண்கள் நலிவுற்றனவேயன்றி மொழி கைவரவில்லை. இவற்றையெல்லாம் அவரே 1880இல் வெளியிட்ட தம் நூலில் உரைக்கின்றார். தம் தோல்வியை இத்துணை விரிவாக எழுதிவைத்த மொழியாசிரியர் அரியர்.

ஊர் திரும்பியவர், மூன்று வயதுடைய தம் மருகன் அதற்குள் தாய்மொழியைத் தடையின்றிப் பேசக் கண்டார். மாவு ஆலையைக் கண்டு வந்த அச்சிறுவன், சிறிது நேரம் வாளாவிருந்து, பின் கண்டவற்றை நிகழ்ந்த வரிசையில் அனைவரிடமும் கூறினான்; ஓடைக்கரையில் விளையாட்டு ஆலை அமைத்து அச்செயல்களைத் திரும்பச் செய்தும் காட்டினான். இதிலிருந்தே குவேனின் தொடர்முறை பிறந்தது.

கதவைத் திறத்தல் போன்றதொரு செயல் சிறுசிறு கூறுகளாகப் பகுக்கப்படும். ஆசிரியர் முதலில் செயலின் போக்கை மாணவரின் தாய்மொழியில் விளக்குவார். பின் வினைகளைத் தனியே ஒலித்து, அவற்றைச் சுற்றி வாக்கியங்களை அமைப்பார். எழுத்து இறுதியிலேயே வரும். தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்கிய பெர்லிட்சு முறையினின்று (அமெரிக்கா, 1878) இது வேறுபடுவது நோக்கத்தக்கது.

இங்கு இலக்கணம் எங்கே போயிற்று? அது செயலுக்குள் இருக்கிறது. கதவை நோக்கிச் செல்லும் மாணவன் 'அன் டீ ட்யூர்' என்பான். கதவருகே நிற்கும்போது 'அன் டேர் ட்யூர்' என்பான். முன்னது செயப்படுபொருள் வேற்றுமை, பின்னது கொடை வேற்றுமை. கால்கள் நகர்வதும் நிற்பதுமே வேற்றுமையைத் தீர்மானிக்கின்றன. திறத்தலைக் குறிக்கும் 'அவுஃப்மாகன்' என்னும் வினை இரண்டாகப் பிரிந்து, அதன் முன்னொட்டு வாக்கிய இறுதிக்குச் செல்வதும் அவ்வாறே பழக்கத்தில் படியும். இடமும் காலமும் மாற்றிச் சொல்லவைத்து வினைத்திரிபுகளையும் குவேன் பயிற்றினார்.

'நான் கதவை அணுகுகிறேன்' என்று எவரும் இயல்பாகப் பேசுவதில்லை என்னும் குறை நேரியதே. அதனை அவரும் உணர்ந்திருந்தார் போலும். வாக்கியங்களுக்கு இடையே பாராட்டல், ஊக்குவித்தல், திருத்தல் ஆகியவற்றுக்குரிய சிறு தொடர்களை ஆசிரியரும் மாணவரும் வழங்குமாறு அமைத்தார். உண்மையான உரையாடல் இவற்றிலேதான் உள்ளது. பிற்காலத்தார் கதவை நினைவில் வைத்து இதனை மறந்தனர்.

இந்தியாவில் கேந்திரிய வித்யாலயங்களில் 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி மூன்றாம் மொழியாக இடம்பெற்ற ஜெர்மன், 2014இல் அவ்விடத்தை இழந்தது. கற்பிக்கும் முறை பற்றிய சிக்கலோ எங்கு கற்பித்தாலும் எஞ்சுகிறது. தமிழ் மாணவனுக்கு அது தனி இயல்புடையது. புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன், புத்தகம் மேசைமேல் இருக்கிறது என்னும் இரண்டிலும் தமிழ் 'மேசைமேல்' என ஒரே வடிவையே கொள்ளும். ஜெர்மன் மொழி 'அவுஃப் டேன் டிஷ்', 'அவுஃப் டேம் டிஷ்' என வேறுபடுத்தும். நம் 'எங்கே' என்னும் ஒரு வினாவுக்கு அங்கு 'வோஹின்', 'வோ' என இரண்டு உள்ளன. ஒரு மாணவன் புத்தகத்தை வைக்கும்போது மற்றவன் 'வோஹின்' என வினவவும், வைத்தபின் மூன்றாமவன் 'வோ' என வினவவும் செய்தால், விதி கரும்பலகைக்கு வருமுன்பே மாணவர் நாவில் வந்திருக்கும்.