தொலைவில் ஒரு தலைநகரம்: இம்பால்

தமிழ்நாட்டை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மைப் பார்த்து, "அத்தனை தூரத்திலா இருக்கிறீர்கள்?" என்று ஊர்ப் பெரியவர்கள் வியப்பதுண்டு. இம்பாலில் வேலை பார்ப்பவர் ஒருவரைச் சந்தித்தால் நாமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். தேசப் படத்தில் அந்நகரம் கிழக்கு எல்லையை ஒட்டிக் கிடப்பதால் அதை ஒரு மூலை என்றே எண்ணிவிடுகிறோம். அதன் சரித்திரத்தைப் படிக்கும்போதோ, அதைக் கீழ்த்திசையின் வாயில் என்று சொல்வதே பொருந்தும் என்று தோன்றுகிறது. அவ்வாயில் திறந்திருந்தபோதும் அடைபட்டபோதும் நகர மக்கள் பட்ட பாட்டையும், அவர்கள் தம் ஊரைக் காத்த விதத்தையும் பற்றிச் சிறிது பேசுவோம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைத்தொடர்கள் வளைத்து நிற்க, நடுவே தட்டுப்போல் அமைந்த சமவெளியில் இருக்கிறது இம்பால். மணிப்பூர் மாநிலத்தின் பரப்பு 22,327 சதுர கிலோமீட்டர். அதில் இச்சமவெளி பத்தில் ஒரு பங்கு அளவே. சமவெளியில் மெய்தெய் மக்களும், பாங்கல் எனப்படும் முஸ்லிம்களும் பெருவாரியாக வாழ்கின்றனர். மலைகள் நாகர், குகி முதலிய பழங்குடியினரின் தாயகம். இம்பால் ஆறு, இரில், தௌபால், நம்புல் ஆகிய நதிகள் இச்சமவெளியை வளமாக்குகின்றன. நகரின் நடுவே ஓடும் நம்புல், தெற்கேயுள்ள லோக்தாக் ஏரியில் கலக்கிறது. பின்னிப் படர்ந்த தாவரங்கள் திட்டுத்திட்டாக மிதக்கும் அந்த ஏரியின் கரையில்தான் 'சங்காய்' என்னும் அரிய மான் இனம் எஞ்சியிருக்கிறது. இச்சமவெளியின் நீர், கங்கையையோ பிரம்மபுத்திராவையோ சேர்வதில்லை. மணிப்பூர் நதியாகத் தெற்கே இறங்கிப் பர்மா எல்லையைக் கடந்து, சிந்துவின் நதி வழியாக ஐராவதியை அடைகிறது. இந்நகரம் பன்னெடுங்காலமாகக் கிழக்கு நோக்கியும் வாழ்ந்து வந்ததற்கு இந்த நீரோட்டமே ஒரு சாட்சி.

மணிப்பூர் என்றவுடன் அர்ஜுனனும் சித்திராங்கதையும் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் வில்லிபுத்தூரார் பாரதத்தில் சித்திராங்கதை பாண்டியன் மகள் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். பாரதம் கூறும் மணிப்பூரமும் இந்நாடும் ஒன்றே என்பதைச் சரித்திர ஆசிரியர் பலர் ஒப்புவதில்லை. இந்நாட்டின் பழம்பெயர் காங்லெய்பாக். வைணவம் அரச சமயமான பதினெட்டாம் நூற்றாண்டில்தான் மணிப்பூர் என்ற பெயர் நிலைபெற்றது. அந்நூற்றாண்டில் ஆண்ட பாக்யசந்திர மகாராஜாவின் காலத்தில் தோன்றிய ராஸலீலை நடனமே, இன்று மணிப்புரி நடனம் என்று நாம் கண்டு மகிழும் கலைக்கு ஊற்று.

இம்பால் ஆற்றங்கரையில் அகழி சூழ அமைந்திருப்பது காங்லா என்னும் பழைய அரண்மனைக் கோட்டை. காங்லா என்ற சொல்லுக்கு 'உலர்ந்த நிலம்' என்று பொருள் கூறுவர். நீர் சூழ்ந்த சமவெளியில் முதலில் மேடாக வெளிப்பட்ட இடம் என்பது அவர்கள் ஐதிகம். அரசர்களின் வரலாற்றைக் குறித்து வந்த 'சேயிதாரோல் கும்பாபா' என்னும் அரண்மனை ஏடு, கி.பி. 33இல் பாகங்பா மன்னன் அரியணை ஏறியதாகத் தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தை ஐதிகம் என்று கொண்டாலும், பிற்கால நூற்றாண்டுகளுக்கு அவ்வேடு அரிய ஆதாரமாக விளங்குகிறது.

வாயிலில் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளியும் வருவான், பகைவனும் வருவான். 1819ஆம் ஆண்டில் பர்மியப் படை மணிப்பூருக்குள் புகுந்தது. அதன் பின் 1826 வரை நீண்ட துயரத்தை மணிப்பூரி மொழியில் 'சஹி தாரெத் குந்தாக்பா', அதாவது 'ஏழாண்டுப் பேரழிவு' என்கிறார்கள். பல்லாயிரவர் சிறைப்பட்டுப் பர்மாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தப்பியவர் கச்சாருக்கும் சில்ஹெட்டுக்கும் ஓடினர். இளவரசர் கம்பீர் சிங் ஆங்கிலேயரின் உதவியோடு ஐந்நூறு வீரர் கொண்ட படையைத் திரட்டி வந்து நாட்டை மீட்டார். பாழான நாட்டில் ஊரும் வயலும் மீண்டும் உருவாக வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நகரின் மற்றோர் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், 'இமா கைதேல்' என்ற தொடரை முதன்முறை கண்டபோது 'மகளிர் சந்தை' என்று எழுதி நகர்ந்துவிட்டோம். 'இமா' என்றால் 'என் தாய்' என்று பின்னர் அறிந்து, அடித்துத் திருத்தி 'தாய்மார் சந்தை' என்று எழுதினோம். அங்கே கடை விரிப்போர் அனைவரும் பெண்களே. மீன், காய்கறி, கைத்தறித் துணி என எல்லா வாணிபமும் அவர்கள் கையில். தாயின் இடம் மகளுக்கோ மருமகளுக்கோ செல்கிறது. முன்னாளில் 'லல்லூப்' என்னும் முறைப்படி ஆடவர் நாற்பது நாளுக்குப் பத்து நாள் அரசனுக்கு ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. போர் வந்தால் படையிலும் சேர வேண்டும். ஆகவே உழுத நெல்லை விற்கும் பொறுப்பும் குடும்பத்தைக் காக்கும் பொறுப்பும் பெண்களிடம் வந்தன என்பர்.

1891ஆம் ஆண்டில் மேற்கிலிருந்து வந்தது ஆபத்து. அரண்மனைக்குள் எழுந்த வாரிசுச் சண்டையில் தலையிட்ட ஆங்கில அரசு, இளவரசர் திகேந்திரஜித்தைக் கைது செய்ய அஸ்ஸாம் தலைமை ஆணையர் குவிண்டனைப் படையுடன் அனுப்பியது. மார்ச் 24ஆம் தேதி மூண்ட சண்டையைத் தொடர்ந்து குவிண்டனும் வேறு நான்கு அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். கொகிமா, சில்சார், தமு ஆகிய மூன்று வழிகளிலும் ஆங்கிலச் சேனைகள் ஏறி வந்தன. கோங்ஜோம் என்ற இடத்தில் பாவோனா பிரஜபாஷி முதலிய வீரர்கள் போரிட்டு மாண்டனர். ஏப்ரல் 27ஆம் தேதி காங்லா வீழ்ந்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி திகேந்திரஜித்தும் முதிய தங்கால் ஜெனரலும் இம்பாலில் தூக்கிலிடப்பட்டனர். அன்று அந்நியர் கைக்குப் போன கோட்டையில், சுதந்திரத்திற்குப் பின்னும் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படை தங்கியிருந்தது. 2004 நவம்பரில்தான் அது மணிப்பூர் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

கோட்டை பறிபோயினும் சந்தை பணிந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டில், உள்ளூரில் அரிசி கிடைக்காமல் மக்கள் வாடிய வேளையிலும் வியாபாரிகள் அதை வெளியே ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். டிசம்பர் 12ஆம் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் அரசாங்க அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டு ஏற்றுமதியை நிறுத்தக் கோரினர். சிப்பாய்கள் வந்தனர், பெண்கள் பலர் காயமுற்றனர். அதன் பின் அவர்கள் சந்தையையே புறக்கணித்தார்கள். நகரின் பெருஞ்சந்தை வெறிச்சோடிக் கிடந்தது. 'நுபி லான்', அதாவது 'பெண்கள் போர்' என்று வழங்கும் அந்நிகழ்ச்சியை மணிப்பூர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்நகரத்தின் கதையோடு தமிழர் கதையும் கலந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கே தலைமுறைகளாக உழைத்த இந்தியர் பல்லாயிரவர் தமு வழியாகக் கால்நடையாக மலையேறி இம்பாலை வந்தடைந்தனர். அவர்களில் தமிழரும் உண்டு. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோரும் உண்டு. அவ்வாண்டு மே மாதம் இம்பால் மீதும் குண்டுகள் விழுந்தன. 1944 மார்ச்சில் ஜப்பானியச் சேனை நகரை முற்றுகையிட்டது. கொகிமா சாலை துண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாத காலம் உணவும் மருந்தும் ஆகாய மார்க்கமாகவே வந்தன. ஜூன் 22ஆம் தேதி, 109ஆம் மைல் கல் அருகே சாலை மீண்டும் திறந்தது. முற்றுகையிட்டோர் பக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, லோக்தாக் ஏரிக்கு அருகிலுள்ள மோய்ராங்கில் அப்படை தன் கொடியை ஏற்றியது.

1949இல் இச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1972இல் தனி மாநிலமாயிற்று. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து தமிழகம் திரும்பிய தமிழருள் சிலர், பிறந்து வளர்ந்த ஊரை மறக்க மாட்டாமல் மீண்டும் பர்மா நோக்கிப் புறப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டு, இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோரே என்னும் எல்லையூரில் தங்கிவிட்டனர். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி ஆலயத்தின் கோபுரம் இன்றும் நிற்கிறது.

இம்பாலின் வாழ்வு இன்றும் மலைச்சாலைகளை நம்பியே இருக்கிறது. 2011இல் நூறு நாள்களுக்கு மேல் சாலைகள் மறிக்கப்பட்டபோது அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் தவித்தார்கள். 2016 ஜனவரியில் நிலநடுக்கத்தால் தாய்மார் சந்தையின் புதிய கட்டடங்கள் விரிசல் கண்டன. இவற்றினும் கொடியது 2023 மே 3ஆம் தேதி மூண்ட கலகம். மெய்தெய் மக்களுக்கும் குகி-ஸோ மக்களுக்கும் இடையே எழுந்த அப்பகையில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். மலைக்கும் சமவெளிக்கும் இடையே போக்குவரத்து அற்றது. முன்னர் வெளியிலிருந்து வந்தவர்கள் சாலையை அடைத்தார்கள். இம்முறை அண்டை அயலார்க்கு இடையிலேயே வழி அடைபட்டது. ஏழாண்டுப் பேரழிவிலிருந்தும் மூன்று மாத முற்றுகையிலிருந்தும் மீண்ட நகரம் இதிலிருந்தும் மீள வேண்டுமானால், மலைப் பெண்ணின் விளைச்சலும் சமவெளிப் பெண்ணின் நெல்லும் ஒரே சந்தைக்கு அச்சமின்றி வந்து சேர வேண்டும்.

நம்முள் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்போர்க்கு இம்பாலுக்கு மாற்றல் வருவதுண்டு. உத்தரவைக் கண்டதும் தூரத்தை எண்ணி மலைக்க வேண்டா. சந்தைக்குச் சென்று, காய்கறிக் கூடைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மூதாட்டியை 'இமா' என்று அழையுங்கள். 'அம்மா' என்று அழைத்துப் பழகிய நம் நாவுக்கு அச்சொல் எளிதாகவே வரும்.