இடமும் திசையும்: செஞ்சி வெங்கடரமணர் கோயில் தூண்களும் பிரிப்புக் காட்சி முறையும்

முன்னுரை

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. அதன் அடிவாரப் பகுதியில் புதுச்சேரி வாயிலுக்கு அருகே வெங்கடரமணர் கோயில் உள்ளது. இக்கோயில் 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கரால் எழுப்பப்பட்டதாகக் கருதப்படுகிறது. கோட்டை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படையின் வசமாயிற்று; 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் சென்றது. இக்கோயிலின் உயர்ந்த ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்று டூப்ளே சிலையைச் சுற்றி நிறுத்தினர் எனக் கோட்டை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இன்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ எட்டுத் தூண்கள் நிற்கின்றன. இத்தூண்களை அவற்றின் பழைய மண்டபத்தோடு கணினி வரைபடத்தில் பொருத்திக் காட்டுதல் இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிப்புக் காட்சியின் இயல்பு

ஒரு பொறியின் உறுப்புகளைக் கழற்றி, அவை பொருந்தும் வரிசையிலேயே சற்று விலக்கி வரைவது பிரிப்புக் காட்சி. கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் எனப்படும் ஓவியத் தொகுப்பில் லியனார்டோ டா வின்சி பாரந்தூக்கும் பொறி ஒன்றை ஒருபுறம் முழுமையாகவும் மறுபுறம் உறுப்புகளாகப் பிரித்தும் வரைந்துள்ளார். இன்றைய கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்கள் இம்முறையைக் கணக்கீடாக மாற்றியுள்ளன. வெளியில் தனித்து நிற்கும் ஓர் உறுப்புக்கு ஆறு வகை இயக்கங்கள் உண்டு: மூன்று அச்சுகளின் வழியே நகர்தல் மூன்று, அவ்வச்சுகளைச் சுற்றிச் சுழலுதல் மூன்று. நகர்த்தலுக்குத் திசையும் தொலைவும் போதும். சுழற்சிக்கோ அச்சும், அது அமையும் இடமும், கோணமும் வேண்டும். வெவ்வேறு அச்சுகளில் சுழற்றும்போது வரிசை மாறினால் விளைவும் பெரும்பாலும் மாறும். ஒவ்வொரு படியும் பதிவாவதால் உறுப்புகளை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர முடிகிறது. எனவே பிரிப்புக் காட்சியின் பயன் பிரித்தலில் இல்லை. திரும்பும் வழியைக் காத்தலில் உள்ளது.

தமிழகக் கட்டடக்கலை மரபும் கட்டடத்தை உறுப்புகளின் வரிசையாகவே காண்கிறது. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனத் தாங்குதளமும், கலசம், குடம், பலகை, போதிகை எனத் தூணின் மேற்பகுதியும் பெயர் பெறுகின்றன. ஆயின் இப்பெயர்கள் மேல்கீழ் வரிசையை உணர்த்துமேயன்றி, தூண் எத்திசை நோக்கி நின்றது என்பதை உணர்த்துவதில்லை.

சுழற்சிச் சிக்கல்

சதுரத் தூண் ஒன்றை 90 பாகை திருப்பினாலும் அது அதே குழியில் பொருந்தும். நான்கு நிலைகளுள் ஒன்றே மூலநிலை. எட்டுத் தூண்களும் ஒரே அளவின எனவும், அவை நின்ற எட்டு இடங்களும் தெரியும் எனவும் கொள்வோம். அவற்றை 40,320 வரிசைகளில் நிறுத்தலாம். ஒவ்வொரு வரிசையிலும் 65,536 வகைகளில் திருப்பலாம். இரண்டையும் பெருக்கினால் 264 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள் கிடைக்கும். மென்பொருள் இவை அனைத்தையும் பிழையின்றிப் பொருத்திக் காட்டும்; எது வரலாறு என்பதை அது கூறாது.

அதனைக் கூற வேண்டியவை தூணின் உடலில் உள்ள சான்றுகளே. முகப்புச் சிற்பங்களின் தேர்வு, மழையும் வெயிலும் ஒரு பக்கத்தை மிகுதியாகத் தேய்த்த தடம், போதிகையின் கை நீளும் திசை, அடியிலும் உச்சியிலும் உள்ள பொருத்துக்குழிகள் ஆகியன திசையைக் குறைத்தறிய உதவும். எனினும் தேய்மானத்தைச் சான்றாகக் கொள்கையில் எச்சரிக்கை தேவை. புதுச்சேரிக் கடற்காற்று இத்தூண்களில் இரண்டாவது வரலாற்றை எழுதியிருக்கும்.

எகிப்தின் அபு சிம்பெல் கோயில்கள் இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. 1964 முதல் 1968 வரை அவை அறுக்கப்பட்டு, கற்களுக்கு எண்ணிடப்பட்டு, உயரமான இடத்தில் மீண்டும் இணைக்கப்பட்டன. திசையும் காக்கப்பட்டமையால் ஆண்டுக்கு இருமுறை கருவறையில் கதிரொளி விழும் நிகழ்வு தொடர்கிறது. அங்கு நிகழ்ந்தது பிரிப்பு. செஞ்சியில் நிகழ்ந்தது சிதறல். இரண்டையும் வேறுபடுத்துவது பதிவு.

முடிவுரை

சிதைந்த கட்டடங்களில், எஞ்சிய உறுப்புகளை மீளப் பொருத்துதலை மட்டுமே 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஏற்கிறது. புதிதாகச் சேர்ப்பது வேறுபடுத்தி அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும் எனவும் கூறுகிறது. இந்நெறி கணினி மாதிரிக்கும் பொருந்தும். தூணின் இன்றைய நிலை, கருதப்படும் மூலநிலை, அக்கருத்துக்கான சான்றின் வலிமை ஆகிய மூன்றும் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே பதிவாதல் வேண்டும். சான்றில்லாத கோணத்தை நிறத்தாலோ கோட்டாலோ ஐயநிலையாகவே காட்டுதல் தகும். மராட்டியர் இராணுவ நிலவமைப்புகளுள் ஒன்றாக 2025 ஜூலையில் செஞ்சி உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இனிவரும் மின்னணு ஆவணங்கள் பலரால் பார்க்கப்படும். பார்க்கப்படுபவை விரைவில் நம்பவும் படும். ஆதலின் அழகாகப் பொருந்திய மண்டபத்தைவிட, எத்தூண் எத்திசை நோக்கியது என்பது இன்னும் துணியப்படவில்லை எனக் காட்டும் வரைபடமே வரலாற்றுக்கு நேர்மையானது.