கோப்புப் பாதையைப் பிரித்தெடுத்தல்

கோப்புப் பாதை என்பது கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் எழுத்துத் தொடர் ஆகும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அது /வீடு/நூல்கள்/மழை.உரை என்பதுபோல் சாய்கோடுகளால் பிரித்து எழுதப்படுகிறது. இதிலிருந்து கோப்பின் பெயரையோ கோப்புறையையோ தனியே எடுக்கக் கட்டளைவரியில் பல கருவிகள் உருவாகியுள்ளன.

தொடக்கத்தில் பிரிப்பதற்குப் பாதையே இருக்கவில்லை. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பிடிபி-7 கணினியில் எழுதத் தொடங்கிய யுனிக்ஸில், கட்டளைகளுக்குச் சாய்கோடு இல்லாத வெறும் பெயரை மட்டுமே தர முடிந்தது. அதற்கு முந்தைய மல்டிக்ஸில் பாதை உண்டு. அங்கே பிரிப்பான் > குறி. யுனிக்ஸ் பிடிபி-11 கணினிக்கு மாறியபோதே சாய்கோட்டுப் பாதை வந்தது.

1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் பேஸ்நேம், செட், ஆக் ஆகிய மூன்றும் இருந்தன. பேஸ்நேம் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பெயரைத் தரும். கேட்டால் பெயரின் பின்னொட்டையும் நீக்கும். லீ மக்மான் எழுதிய செட்டில் ஒரு சங்கடம் உண்டு. மாற்றுக் கட்டளையின் எல்லைக்குறியாகவும் வழக்கமாகச் சாய்கோடே எழுதப்படுவதால், பாதையிலுள்ள ஒவ்வொரு சாய்கோட்டின் முன்னும் பின்சாய்கோடு இட வேண்டும். வேறு குறியையும் எல்லையாகக் கொள்ளலாம் என்பதைப் பலர் தாமதமாகவே அறிகின்றனர். அகோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கிய ஆக், பாதையைப் புலங்களாகப் பிரித்துக் கடைசிப் புலத்தை நேரடியாகத் தருகிறது. பின்னர் சிஸ்டம் III யுனிக்ஸில் வந்த கட், புலங்களை இடமிருந்து மட்டுமே எண்ணும். எனவே கடைசிப் புலம் வேண்டுவோர் வரியை ரெவ் கட்டளையால் தலைகீழாக்கி, வெட்டி, மீண்டும் திருப்புகின்றனர். சுற்றுவழிதான், ஆனாலும் இன்றுவரை புழக்கத்தில் உள்ளது.

டேவிட் கோர்ன் உருவாக்கிய கோர்ன் ஷெல்லின் ##*/ என்ற குறியீடு, வேறு நிரலை அழைக்காமல் ஷெல்லுக்குள்ளேயே பெயரைப் பிரித்தது. 1992இன் பாசிக்ஸ் தரமும் அதை ஏற்றது.

இக்கருவிகளில் பல, ஒரு வரிக்கு ஒரு பாதை என்று எடுத்துக்கொள்பவை. ஆனால் யுனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழியெழுத்தும் தவிர எதுவும் வரலாம், வரிமுறிவும்கூட. பெயரின் முடிவில் வரிமுறிவு கொண்ட ஒரு கோப்புறையை ஒருவர் உருவாக்கினால், அதனுள் இருக்கும் கோப்பின் பாதை இரண்டு வரிகளாக உடையும். இரண்டாம் வரி சாய்கோட்டில் தொடங்குவதால் அது வேறொரு முழுப்பாதையாகத் தோன்றும். பழைய கோப்புகளை அழிக்க நிர்வாகி இயக்கும் நிரல் அதை நம்பினால், தொடக்கூடாத கோப்பு அழியும்.

வரிமுறிவுக்குப் பதில் சுழியெழுத்தால் பாதைகளைப் பிரிக்கும் வசதி குனு திட்டத்தின் ஃபைண்ட், எக்ஸ்ஆர்க்ஸ் கருவிகளில் நெடுங்காலமாக இருந்தது. பாசிக்ஸ் தரத்தில் அது 2024இல்தான் சேர்ந்தது.